சிறைக்கோட்டமும் உரிமைக் குரலும்

தமிழில் ‘சிறை’ என்னும் சொல் பல பொருள் ஒரு சொல்லாகும். பறவையின் இறகும் சிறை, நீரைத் தடுத்து நிறுத்தும் கரையும் சிறை, காவலும் சிறை, அக இலக்கியத்துத் தலைவன் வேலிப்புறத்தே ஒதுங்கி நிற்குங்கால் அவன் நிற்கும் இடமும் சிறைப்புறம். குற்றம் செய்தாரை அடைத்து வைக்கும் இடம் என்ற பொருள், தடுத்தல், காத்தல் என்னும் கருத்துகளின் வழிக் கிளைத்ததாகல் வேண்டும். இச்சொல்லின் வரலாற்றை விரித்துரைத்தல் என் நோக்கமன்று. சிறையினுள் இருப்பவனைத் தமிழ் இலக்கியம் எவ்வாறு நோக்கியது, அவனுக்கு உரியது என ஒன்று உண்டென்று அது எப்போது, யார் வாயிலாகக் கூறத் தொடங்கியது என்பதே ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

இக்கட்டுரைக்கு வித்திட்டது வகுப்பறை வினா ஒன்று. மணிமேகலையின் பத்தொன்பதாம் காதையாகிய ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை’யைப் பாடஞ்சொல்லிக் கொண்டிருந்தேன். ஆபுத்திரன் கை அமுதசுரபியைக் கொண்டு சிறைப்பட்டோரின் பசி தீர்த்த மணிமேகலை, காயசண்டிகை வடிவிலேயே சோழன் அவைக்குச் சென்று, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுமாறு வேண்டுகின்றாள், மன்னனும் உடன்படுகின்றான். உலக இலக்கியத்துள் இதற்கு இணையான காட்சி அரிது என்று வழக்கமாக உரைப்பதை யானும் உரைத்தேன். போடிநாயக்கனூர்க்கு மேற்கே, கொட்டகுடி ஆற்றை ஒட்டிய குரங்கணியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் இறங்கி வரும் முதுகலை மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, சிறைதான் அறக்கோட்டம் ஆகிவிட்டதே, பின்பு இருபத்திரண்டாம் காதையில் மணிமேகலையை எங்கே அடைத்தார்கள்?” என்று வினவினார். வகுப்பு நகைத்தது. யான் நகைக்கவில்லை. அன்று என்னிடம் விடை இல்லை.

நூலைத் திரும்பவும் பயின்றபோது அவ்வினாவின் ஆழம் புலனாயிற்று. இருபத்திரண்டாம் காதையின் பெயரே ‘சிறைசெய் காதை’. அடுத்தது ‘சிறைவிடு காதை’. உதயகுமரன் காஞ்சனனின் வாளால் மாண்ட செய்தியைக் கேட்ட மன்னன், மகனது செயல் தகாதது என்பதை உணர்ந்தும், குற்றம் எதுவும் இல்லாத மணிமேகலையைக் காவலில் வைக்குமாறு ஆணையிடுகின்றான். பின்பு அவளை அக்காவலினின்று விடுவிப்பவளும் நீதியின் வழி விடுவிக்கவில்லை. கோப்பெருந்தேவி தன் வஞ்சம் தீர்க்க வேண்டித் தன்பால் அழைத்துக் கொள்கின்றாள். உரையாசிரியர்களும் திறனாய்வாளர்களும் பத்தொன்பதாம் காதையைப் போற்றிய அளவிற்கு இம்மூன்று காதைகளின் இடைவெளியை நோக்கினாரல்லர். புலவர் சாத்தனார் இதனை அறிந்தே அமைத்தாரா, கதைப்போக்கில் நேர்ந்ததா என உறுதி கூற இயலாது. ஆயின் காப்பியம் நமக்குக் காட்டுவது தெளிவு. அறக்கோட்டம் அரசனின் கொடை. கொடையாக வந்தது கொடுத்தவன் மனம் மாறின் திரும்பும்.

புறநானூற்றின் 74ஆம் பாட்டும் இந்நோக்கிலேயே வைத்துக் காணத்தக்கது. சேரமான் கணைக்காலிரும்பொறை சோழன் செங்கணானால் பிணிக்கப்பட்டுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான். தண்ணீர் கேட்டான், உடனே கிடைக்கவில்லை, காலந்தாழ்த்துக் கொணர்ந்து தரப்பட்டபோது உண்ணாது உயிர் நீத்தான் என்று பாட்டின் அடிக்குறிப்புக் கூறும். களவழி நாற்பதைப் பாடிப் பொய்கையார் அவனைச் சிறைவீடு செய்வித்தார் என்னும் மற்றொரு மரபும் உண்டு; இரண்டும் தம்முள் முரணுவதை அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சியுள் யாம் புகவில்லை. பாட்டு மானத்தின் பாட்டாகவே இதுகாறும் படிக்கப்பட்டு வந்துள்ளது, அப்படிப்பும் பிழையன்று. எனினும் ஒன்று நோக்குக. அரசன் வருந்துவது நீர் மறுக்கப்பட்டமைக்கு மட்டுமன்று, அதனைக் கேட்க நேர்ந்தமைக்கு. சிறைப்பட்டவனுக்கு நீர் உரியது என்ற எண்ணம் அவ்வுலகில் இல்லை, ஆதலின் கேட்டல் இரத்தல் ஆகின்றது, இரத்தல் இழிவாகின்றது. உரியதைக் கேட்பவன் இழிவடைவதில்லை. அம்மன்னன் இறந்தது தாகத்தால் அன்று என்று பலரும் எழுதியுள்ளனர். உரிமை என்ற சொல் அவன் கைக்கு எட்டாமையாலும் இறந்தான் என்று யான் சேர்த்துக் கொள்வேன்.

சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் வரும் வார்த்திகன் வரலாறு இவ்விரண்டினும் வேறுபட்டது. திருத்தங்காலில் வாழ்ந்த வார்த்திகனின் மகன் தக்கிணாமூர்த்தி பராசரனிடமிருந்து அணிகலன்களைப் பரிசிலாகப் பெறுகின்றான். அது பொறாத அரசாங்க ஊழியர், புதையலைக் கவர்ந்து கொண்டதாகப் பழி சுமத்தி வார்த்திகனைச் சிறையிலிடுகின்றனர். அவன் மனைவி கார்த்திகை தெருவில் வீழ்ந்து அழ, ஐயையின் கோயிற்கதவம் திறவாதாயிற்று. அரசன் ஆராய்ந்து உண்மையறிந்து, முறை பிழைத்தமைக்குப் பொறுத்தருளுமாறு அச்சிறைப்பட்டவனிடமே வேண்டுகின்றான். திருத்தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளிக்கின்றான். அதனோடு அமையாமல், புதைபொருள் கண்டெடுத்தவர்க்கே உரியது என்று நாடெங்கும் பறையறைவிக்கின்றான்.

இங்கே இழப்பீடு உண்டு, மன்னிப்பு உண்டு, இனி வரும் எல்லார்க்கும் பொதுவாகிய விதி ஒன்றும் உண்டு. இம்மூன்றனுள் இறுதியது தலையாயது. முன்னிரண்டும் வார்த்திகன் ஒருவனோடு முடிவன. விதியோ அடுத்தவனைக் காக்கும். 1983இல் இந்திய உச்ச நீதிமன்றம் ருதுல் சா என்பார் வழக்கில் அளித்த தீர்ப்பினைப் படிப்போர்க்கு வார்த்திகன் நினைவிற்கு வருதல் இயல்பு. பீகார் மாநிலத்தில் 1968இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்ட அவர், 1982 வரை பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் சிறையிலேயே கிடந்தார். முன்னர்க் கொடுக்கப்பட்ட 5,000 ரூபாயின் மேல் 30,000 ரூபாய் இழப்பீடாக வழங்குமாறு நீதிமன்றம் பணித்தது. தொகை சிறிது, ஆயின் அடிப்படை உரிமை மீறப்பட்டவர்க்கு அரசு பொருளால் ஈடு செய்தல் வேண்டும் என்னும் விதி அத்தீர்ப்பால் நிலைபெற்றது. இத்தனைக்கும் இளங்கோவடிகள் இக்கதையை வைத்திருக்கும் இடம் வியப்புக்குரியது. பாண்டியர் முறை தவறாதவர் என்று நிலைநாட்டுதற்கு மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் கூறும் சான்று இது. சான்றோ, ஆராயாது ஒருவனைச் சிறையிட்ட செய்தி! கோவலனுக்கு நேர்ந்ததும் ஆராயாமையே. வார்த்திகனுக்கு ஆராய்ச்சி காலந்தாழ்ந்தேனும் வந்தது. கோவலனுக்கு வந்தபோது அவன் உயிரோடில்லை. தன் மரபைக் காக்க வந்த தெய்வம் தன் மரபின் குற்றத்தைத் தானே சொல்லிவிட்டது என்று படிப்பதற்கும் காதை இடந்தருகின்றது.

பழைய இலக்கியத்துள் இக்காலத்து உரிமைக் கருத்தைத் தேடுதல் கால வழு ஆகாதா என்று கேட்கலாம். ஆகும், தேடியது கிடைத்துவிட்டது என்று முழங்கினால். கிடைக்காமையைக் காட்டுதல் வழுவன்று. மேற்கண்ட மூன்று இடங்களிலும் சிறைப்பட்டவன் தன் நிலைமைக்குத் தானே வழக்குரைக்கவில்லை. சேரன் தன்னையே நொந்து கொண்டான். சோழநாட்டுச் சிறையோர்க்காக மணிமேகலை பேசினாள். வார்த்திகனுக்காக அவன் மனைவி அழுதாள். சிறையினுள் இருந்தே, ‘இது எனக்கு உரியது, இதனை நீ மறுத்தல் உன் சட்டத்திற்கே மாறு’ என்று கூறும் குரலுக்குத் தமிழ் இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருந்தது.

அக்குரல் வ. உ. சிதம்பரனாருடையது. அவர் அகவற்பாவில் இயற்றிய சுயசரிதையைத் திறனாய்வாளர் பலர் வரலாற்று ஆவணமாக ஏற்பர். கவிதையாக ஏற்கத் தயங்குவர். உவமை அருகியது, ஓசை சில இடங்களில் உரைநடையை ஒத்தது, நாளும் பேரும் நடந்த வரிசையும் மலிந்தது என்பன அவர்கள் கூறும் குறைகள். இவை உள்ளன என்பதை யானும் மறுக்கவில்லை. ஆயின் இவற்றைக் குறை என்று கொள்வதற்கு முன், இப்பாட்டு எவ்வகையைச் சார்ந்தது என்று தெளிதல் முறையாகும். அதனை வாழ்க்கை வரலாறு என்று கொண்டு படித்தால் வறட்சி தோன்றும். முறையீடு என்று கொண்டு படித்தால் அவ்வறட்சியே அதன் வன்மையாதல் விளங்கும்.

பாடியவர் வழக்கறிஞர் என்பதை மறத்தல் ஆகாது. 1908 மார்ச்சு 12ஆம் நாள் சிறைப்படுத்தப்பட்ட அவர்க்கு அவ்வாண்டு சூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது படிப்படியாகக் குறைந்தது. பாளையங்கோட்டையிலும் கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் இருந்து, 1912 திசம்பர் 24ஆம் நாள் விடுதலை பெற்றார். கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்த செய்தியைத் தமிழகத்துச் சிறுவரும் அறிவர். அறிந்த அச்செய்தியே அவரைப் பற்றிய மற்றொன்றை மறைத்துவிட்டது. செக்கிழுத்த செம்மல் என்று போற்றுவோர் நினைவில் நிற்பது அவர்தம் துன்பம். அவர் சிறையில் எழுதிய விண்ணப்பங்களன்று. தமக்காக மட்டுமன்றி, எழுத்தறியாத பிற கைதிகளுக்காகவும் மேல்முறையீட்டு மனுக்களை அவர் எழுதிக் கொடுத்தார். தூத்துக்குடியில் உழைப்பாளர்க்காக வாதிட்டவர், அரசு தம் வழக்கறிஞர் உரிமையைப் பறித்த பின்னும், சிறைக்கூடத்துள் கட்டணமின்றித் தம் தொழிலை நடத்தினார் எனல் பொருந்தும்.

அக்காலத்துச் சிறை விதி யாது என்பதையும் அறிதல் வேண்டும். 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. கசையடியையும் விலங்கிடுதலையும் தண்டனையாக வகுத்த கொடிய சட்டந்தான் அது. எனினும் அதன் 35ஆம் பிரிவு, உழைப்புத் தண்டனை பெற்றவரை, நெருக்கடி நேர்ந்து கண்காணிப்பாளர் எழுத்து மூலம் இசைந்தாலன்றி, ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்குதல் ஆகாது என்கின்றது. மருத்துவ அலுவலர் உழைக்கும் கைதிகளை அவ்வப்போது ஆய்ந்து, பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை உடல் எடையைக் குறித்தல் வேண்டும் என்கின்றது. உழைப்பினால் உடல்நலம் கெடுவதாக அவர் கருதின் அவ்வேலையினின்றும் கைதியை நீக்குதல் வேண்டும் என்கின்றது. சணல் எந்திரத்தைச் சுற்றிக் கைத்தோல் உரிந்த செய்தியையும், அதனை அதிகாரிகட்குக் காட்டிய செய்தியையும், அதன்பின் மாட்டுக்கு மாறாகச் செக்கில் பூட்டப்பட்ட செய்தியையும் இப்பிரிவினை அருகில் வைத்துக் கொண்டு படித்துப் பார்க்க வேண்டும். புண்பட்ட கையைக் காட்டுவது இரக்கத்தைத் தூண்டுதற்கு என்று யாம் எண்ணியிருந்தோம். சட்டம் கற்ற கைதி ஒருவன் மருத்துவ அலுவலரின் கடமையைச் சுட்டும் செயலாக அது மாறிவிடுகின்றது. வேலையை மாற்றுக என்ற விதிக்கு எழுத்தளவில் இணங்கி அதன் உயிரைக் கொன்ற அதிகாரியின் சூழ்ச்சியும் அப்போதுதான் முழுதும் புலனாகின்றது. அகவலின் அடக்கமான நடை, கூக்குரலிடாமல் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ச்சியை அடுக்கும் நடை, நீதிமன்றத்தில் வாக்குமூலம் அளிக்கும் நடை அன்றோ?

இதனோடு ஒப்பிட்டுக் காணத்தக்கது இராசாசியின் ‘சிறையில் தவம்’. 1921–22இல் வேலூர்ச் சிறையில் எழுதப்பட்ட நாட்குறிப்பின் வழி வந்தது அது. உரைநடை என்ற அளவில் அதன் தெளிவும் நயமும் சிறந்தன. தலைப்பே நோக்கத்தைச் சொல்லிவிடுகின்றது: துன்பத்தைத் தவமாக ஏற்பவனுக்கு முறையீடு தேவையில்லை. ஒத்துழையாமை இயக்கத்தின் அறநெறி அது. தாமே விரும்பிச் சிறை புகுந்தவர், சிறையில் சலுகை கேட்டல் தகாது என்று கருதினர். இதனை இழித்தல் என் கருத்தன்று. ஆயினும் விரும்பிப் புகுந்தவர்க்குத் தவமாகும் சிறை, விரும்பாது புகுந்த ஏழைக்கு என்னாகும் என்னும் வினாவுக்கு அந்நூல் விடை தருவதில்லை. வ. உ. சி.யின் பாட்டு தருகின்றது. லாகூர்ச் சிறையில் 63 நாள் உண்ணாநோன்பிருந்து 1929 செப்டம்பர் 13ஆம் நாள் உயிர்விட்ட சதீந்திரநாத் தாசின் போராட்டம் இரு நெறிக்கும் இடைப்பட்டது; தவத்தின் கருவியைக் கொண்டு உரிமையின் கோரிக்கையை வைத்தது.

விடுதலைக்குப் பின்னரும் சிறைப்பட்டவன் குரலுக்கும் சட்டத்திற்கும் இடைப்பட்ட வழக்கு சென்னையிலிருந்தே எழுந்தது. 1950 பிப்ரவரி 11ஆம் நாள் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் 22 பேர் மாண்டனர். அவ்வாண்டு மே 19ஆம் நாள் ஏ. கே. கோபாலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. தடுப்புக் காவல் சட்டம் பெரும்பான்மையோரால் செல்லும் எனப்பட்டது. கோபாலன் விடுதலை பெறவில்லை. ஆயின் அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு மட்டும் செல்லாதென நீக்கப்பட்டது. தம்மைக் காவலில் வைத்தமைக்குக் காட்டப்பட்ட காரணங்களைக் கைதி நீதிமன்றத்திலும் வெளியிடலாகாது என்று தடுத்த பிரிவு அது. உடலை அடைக்கலாம், வழக்கைச் சொல்லும் வாயை அடைக்கலாகாது என்ற எல்லை அன்று வரையப்பட்டது. இலக்கிய மாணவர்க்கு அத்தீர்ப்பின் தோல்வியைக் காட்டிலும் இச்சிறு வெற்றி பெரிது.

அவ்வெல்லை பின்னர் விரிந்தது. மராத்திய மொழியில் அணுவியல் பற்றி நூலெழுதிய காவற்கைதி பிரபாகர் பாண்டுரங்கர், அதனை அச்சுக்கு அனுப்ப இசைவு மறுக்கப்பட்டபோது வழக்காடி 1965இல் வென்றார். விதியில் தடுக்கப்படாத உரிமை, காவலில் இருப்பவர்க்கும் எஞ்சி நிற்கின்றது என்பதே அதன் சாரம். 1979இல் சுனில் பத்ராவின் இரண்டாம் வழக்கில், மற்றொரு கைதியைச் சிறைக்காவலர் வதைத்த செய்தியைக் கைதி ஒருவர் நீதிபதிக்கு எழுதிய கடிதமே ஆட்கொணர்வு மனுவாக ஏற்கப்பட்டது. கோவைச் சிறையில் பிறர்க்காக எழுதுகோல் எடுத்த வ. உ. சி.யின் செயல், எழுபது ஆண்டு கழிந்து நீதிமுறையின் ஏற்பைப் பெற்றது என்று இதனைக் கருதலாம்.

1994 அக்டோபர் 7ஆம் நாள் வெளிவந்த ஆர். இராசகோபால் வழக்கின் தீர்ப்புத் தமிழிலக்கிய உலகத்தார் கவனத்தை ஏனோ பெறவில்லை. மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகக் கூறப்பட்ட தன்வரலாற்றைத் தமிழ் வார இதழ் ஒன்று வெளியிட முற்பட்டது. சிறைத்துறை தலைமை அதிகாரி அதனை நிறுத்துமாறு எழுதினார். பொது ஆவணங்களில் உள்ள செய்திகளை வெளியிடுதற்கு யாருடைய இசைவும் வேண்டா. அவதூறு நேரும் என அஞ்சி அரசு முன்கூட்டியே தடுத்தல் ஆகாது என்று நீதிமன்றம் கூறிற்று. எழுதியவர் வ. உ. சி. அல்லர்; பல கொலைகளின் குற்றவாளி. அவர் எழுத்தைப் பாராட்ட யான் வரவில்லை. ஆனால் உரிமை என்பது நமக்குப் பிடித்த கைதிக்கு மட்டும் உரியதாயின் அது மீண்டும் அருளாகவே முடியும். மாவண்கிள்ளியின் அறக்கோட்டம் போல. தியாகிகளின் சிறை நூல்களைத் தொகுத்துப் பதிப்பித்த நாம், குற்றவாளிகளின் எழுத்தை ஆய்வுப் பொருளாகக் கொள்ள இன்றும் கூசுகின்றோம்.

வழக்கு மொழியும் இக்கூச்சத்தைக் காட்டும். ‘கம்பி எண்ணுதல்’, ‘மாமியார் வீடு’, ‘களி தின்னுதல்’ என்பன சிறைக்கு மக்கள் வழங்கும் பெயர்கள். மூன்றாவது எம் பகுதியார்க்குச் சற்றுப் பொருந்தாதது. குரங்கணிச் சரிவில் கேழ்வரகுக் களி அடுப்படி உணவாக இருந்தது. மேலே ஏலத்தோட்டத்துக்குப் போவோர் கட்டிக் கொண்டு போவதும் அதுவே. அவ்வூர் மாணவரிடம் இதனைச் சொன்னபோது, தம் முன்னோர்க்கு மலைக்கும் சிறைக்கும் உணவு வேறுபாடு இருந்திராது என்றார். உணவில் மட்டுமன்று. 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டப்படி, முன்பணம் பெற்று வேலைக்கு வராத தொழிலாளியை மூன்று திங்கள் வரை சிறையில் இடலாம். மலைக்கு அப்பால் திருவிதாங்கூரிலும் அதனை ஒத்த சட்டம் இருந்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படும்வரை, 1920களின் நடுப்பகுதி வரை, கடன்பட்ட கூலியாளுக்குத் தோட்டமும் சிறையும் அடுத்தடுத்த வாயில்கள். அவர்கள் எழுதிய சுயசரிதை இல்லை.

இறுதியாக ஒரு செய்தி. 2024 அக்டோபர் 3ஆம் நாள் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதியின்படி சிறையில் வேலையைப் பகுத்தலும் இடத்தைப் பிரித்தலும் அரசியலமைப்புக்கு முரண் என்று அறிவித்தது. சிறைப் பதிவேடுகளில் சாதியைக் குறிக்கும் கட்டத்தை நீக்குமாறும், மூன்று திங்களுள் விதிநூல்களைத் திருத்துமாறும் பணித்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததனை, மோதலைத் தவிர்க்க வேண்டி எனப் பொறுத்துக் கொண்ட முந்தைய உயர் நீதிமன்ற நிலைப்பாட்டையும் அது ஏற்கவில்லை. வ. உ. சி. முதலில் அடைக்கப்பட்ட சிறை பாளையங்கோட்டை. அவர் காலத்துச் சிறை விதிகளில் சாதி வெளிப்படையாகவே இடம் பெற்றிருந்தது. அவ்விதிகளோடு ஒப்பிட்டு அவரது பாட்டில் உணவும் இடமும் பற்றி வரும் பகுதிகளைப் பயிலும் பணி எஞ்சியுள்ளது. அங்கே போற்றத்தக்கது மட்டுமே கிடைக்கும் என்று யான் எதிர்பார்க்கவில்லை.

சுயசரிதைக்கு இனி வரும் பதிப்பில் அருஞ்சொற்பொருளோடு 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் உரிய பிரிவுகளையும் அக்காலச் சென்னை மாகாணச் சிறை விதிகளையும் அடிக்குறிப்பாகத் தருதல் நலம். சங்கப் பாட்டுக்குத் திணையும் துறையும் போல இப்பாட்டுக்கு அவை வேண்டப்படும். குரங்கணி மாணவர் தம் ஆய்வேட்டுக்கு இப்பணியையே எடுத்துக் கொண்டுள்ளார். முதலில் 35ஆம் பிரிவைத் தமிழில் பெயர்த்துக் கொணர்ந்து காட்டினார். ‘உழைப்பு’ என்று அவர் எழுதிய இடத்தில் ‘வேலை’ என்பதே சரியோ என்று நாங்கள் இன்னும் வழக்காடிக் கொண்டிருக்கின்றோம்.